பதின்மூன்றாம் பையில் நீலம் இல்லை

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஊசிக்கண் என்று பெயர். வைத்தவர் ஸ்டோர்காரர். அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், அவருடைய மூக்குக்கண்ணாடியிலிருந்து திருகாணி ஒன்று கழன்று விழுந்துவிட்டது. மனிதர் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருக்க, வாசலில் நின்றிருந்தவள், "உங்க இடது முட்டிக்குப் பக்கத்துல இருக்கு சார்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் தன் அறைக்குப் போய்விட்டாள். பத்தொன்பது வருஷமாக அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வருகைப் பதிவேட்டைத் தவிர அந்தக் கட்டடத்தில் எங்கும் அவளுடைய சொந்தப் பெயர் கிடையாது.

அவள் வேலை சிப்பி பொறுக்குவது. கடற்கரைச் சிப்பி என்று நினைத்துவிடக் கூடாது. இது கல்லுக்குள் இருப்பது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலடிச் சேறாக இருந்து, இறுகிப் பாறையான இடங்களிலிருந்து துணிப்பைகளில் கல் வரும். அதை உடைத்து, சேற்றை இளக்கி வெளுக்கும் பெராக்சைடு மருந்தில் ஊற வைத்து, சல்லடையில் கழுவி, உலர்த்தினால் கடைசியில் ஒரு தேக்கரண்டி பொடி மிஞ்சும். பொடியைக் கறுப்புத் தட்டில் தூவி மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தால், வெறும் கண்ணுக்கு மணலாகத் தெரிந்ததில் பாதி சிப்பி. மிகச் சிறிய கடல் உயிர்கள் கட்டிக்கொண்ட வீடுகள். மூன்றே முடி விட்டு மற்றதையெல்லாம் கத்தரித்த தூரிகையின் நுனியைத் தண்ணீரில் தொட்டு, ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து, அறுபது கட்டம் போட்ட அட்டையில் இனம் பிரித்து ஒட்ட வேண்டும். பலமாக ஒரு தும்மல் போட்டால் ஒரு யுகமே பறந்துவிடும்.

புத்தகத்தில் அவற்றுக்கு நாக்கு சுளுக்கும் பெயர்கள். ஊசிக்கண் தானே பெயர் வைத்துக்கொண்டாள்: பின்னல், சோளப்பொரி, சங்குக்குட்டி, பூண்டு. அவளுடைய மேலதிகாரி டாக்டரம்மாவுக்கும் நாளடைவில் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு முன்னால் "இதுல பூண்டு கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தார்.

டாக்டரம்மா பாறை படித்த டாக்டர். இது ஊசிக்கண் குடியிருந்த தெருவில் யாருக்கும் விளங்கியதில்லை. எதிர்வீட்டுக்காரி ஒருநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "உங்க டாக்டரம்மா காய்ச்சலுக்குப் பாப்பாங்களா?" என்று கேட்டாள்.

"செத்து நாலு கோடி வருஷம் ஆகியிருந்தாத்தான் பாப்பாங்க" என்றாள் ஊசிக்கண். எதிர்வீட்டுக்காரி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். இங்கே வருவதற்கு முன் ஒரு விதைக் கம்பெனியில் தக்காளி விதையில் களை விதை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஒரு மூட்டைக்கு ஒரே ஒரு களை விதை கண்டுபிடித்தாலும் மூட்டையே திரும்பிப் போகும். கம்பெனி மூடியபின் இங்கே ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தாள். டாக்டரம்மா ஒரு தட்டைக் கொடுத்து "இதில் ஒரே மாதிரி இருக்கிறதை எல்லாம் தனியா எடுங்க" என்றார். அவர் ஆறு வகை இருக்கும் என்று நினைத்திருந்தார். இவள் ஏழு வகையாகப் பிரித்து வைத்தாள். டாக்டரம்மா இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, ஏழுதான் சரி என்றார்.

அவள் புருஷன் டவுன் பஸ் டிரைவர். "என் பொண்டாட்டி ஒரு பொறுக்கிங்க" என்று கண்டக்டரிடம் பெருமையாகச் சொல்லுவார். "நாட்டுல எத்தனையோ பொறுக்கி இருக்கான். பெஞ்சும் ஃபேனும் போட்டு உக்கார வச்சிருக்கறது இவளைத்தான்."

பொறுக்கிச் சேர்த்த சிப்பிகளைக் கொண்டுதான் பாறை அடுக்குகளின் வரிசையைச் சொல்லுவார்கள். ஒவ்வொரு இனமும் ஒரு காலத்தில் தோன்றி, ஒரு காலத்தில் இல்லாமல் போயிருக்கும். இந்த இனம் இருந்தால் இந்த அடுக்கு, அது போய் இது வந்திருந்தால் அதற்கு மேலடுக்கு. ஆனால் எத்தனை வருஷம் என்று சிப்பி சொல்லாது. அதற்கு எரிமலைச் சாம்பல் வேண்டும். என்றோ வெடித்த மலையின் சாம்பல் கடலில் விழுந்து, சேற்றோடு சேர்ந்து விரலகல வெள்ளைக் கோடாகப் பாறையில் படிந்திருக்கும். அதில் உள்ள நுண்ணிய படிகங்களில் யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாகிக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஆகியிருக்கிறது என்று எந்திரத்தில் அளந்தால் வயது தெரிந்துவிடும். சாம்பல் வருஷம் சொல்லும், சிப்பி வரிசை சொல்லும். இரண்டும் கூடினால்தான் கதை முழுசாகும்.

அந்த வருஷம் ஒரு மலைச்சரிவிலிருந்து இருபது பைகள் வந்தன. பன்னிரண்டாம் பை சாம்பல் கோட்டுக்குக் கீழே எடுத்தது. பதின்மூன்று சாம்பலுக்கு மேலே எடுத்தது. பன்னிரண்டில் பூண்டு கொட்டிக் கிடந்தது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பூண்டு இனம் சாம்பல் விழுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அழிந்துபோனது என்று எல்லோரும் நம்பிவந்தார்கள். பதின்மூன்றில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஊசிக்கண்ணுக்குப் பதினொன்று கிடைத்தது.

அவள் அட்டையைக் கொண்டுபோய் வைத்தபோது டாக்டரம்மா முதலில் நம்பவில்லை. பை எண்ணைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"சாம்பலுக்கு அப்புறமும் இது உசுரோட இருந்திருக்கு. மூணு லட்சம் வருஷமாவது இருந்திருக்கு. இத்தனை நாளா எல்லாரும் தப்பாச் சொல்லிட்டிருக்கோம்!"

நான்கு மாதத்தில் கட்டுரை எழுதி முடித்தார். பெரிய மாநாடு ஒன்றில் படிக்கச் சொல்லி அழைப்பும் வந்துவிட்டது. ஒரு நாள் அச்சடித்த முதல் பக்கத்தை ஊசிக்கண்ணிடம் நீட்டினார். தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். இரண்டாவது பெயரை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள், யாரோ ஒருத்தியின் பெயரைப் படிப்பதுபோல.

"எதுக்குங்க?" என்றாள்.

"கண்டுபிடிச்சது யாரு?" என்றார் டாக்டரம்மா.

அந்தத் தாளின் நகலை அவள் மடிக்காமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். புருஷன் அதை பஸ்ஸில் ஸ்டியரிங் பக்கம் ஒட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய தங்கை, ஊசிக்கண்ணின் நாத்தனார், பள்ளிக்கூட ஆசிரியை. அவள் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணி, ஏழாங்கிளாஸ் படிச்சவங்க பேரெல்லாம் இதுல போடுவாங்களா? நான் எம்.ஏ. முடிச்சு இத்தனை வருஷம் ஆச்சு, ரேஷன் கார்டைத் தவிர எங்கயும் என் பேர் அச்சுல வந்ததில்ல."

"நீயும் வந்து நாலு கோடி வருஷத்துச் சேத்தைக் கழுவேன், யாரு வேணாங்கறா?" என்றார் புருஷன்.

ஊசிக்கண் தாளைத் திரும்ப வாங்கி அட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். அவளுக்குள் இருந்த சந்தோஷத்தை அவள் யாரிடமும் காட்டவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் காய் நறுக்கும்போதும் தலை வாரும்போதும் அந்த இரண்டாவது பெயர் அவள் கண்முன்னால் நின்றுகொண்டே இருந்தது.

மாநாட்டுக்கு ஆறு நாள் இருக்கும்போது டாக்டரம்மா ஒரு வேலை சொன்னார். பதினொன்றில் ஏற்கெனவே கீறல் விட்டிருக்கும் ஒன்றை உடைத்து, உள்ளறைகள் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும், படம் எடுக்க. ஊசிக்கண் ஊசி முனையால் சிப்பியை மெல்ல அழுத்தினாள். பூண்டுப் பல் மாதிரி ஒரு அறை பிளந்தது. உள்ளே நீலம்.

அந்த நீலம் எதைச் சொல்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனை முறை கழுவினாலும் சல்லடைக் கண்ணில் நாலைந்து சிப்பி சிக்கிக்கொண்டு நிற்கும். அடுத்த பையைக் கழுவும்போது அவை விடுபட்டு அதோடு கலந்துவிடும். அதனால் ஒரு பை முடிந்ததும் சல்லடையை நீலச்சாயத்தில் முக்கி எடுப்பார்கள். சிக்கியிருப்பதெல்லாம் நீலமாகிவிடும். அடுத்த பையின் பொடியில் நீலச் சிப்பி தென்பட்டால் அது பழைய பையின் அகதி, தூக்கி ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு மூன்று நீலமாவது இருக்கும்.

பதின்மூன்றாம் பையில் ஒரு நீலம்கூட இல்லை. அன்றைக்கு அவள் அதைத் தன் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது நினைவுக்கு வந்தது. பதின்மூன்றின் பொடி உலர்ந்தபின் பழுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. அவளுக்கு அழுக்கு ஆகாது. வழக்கத்தில் இல்லாதபடி, பொடியை மறுபடி சூடான பெராக்சைடில் போட்டுக் கழுவினாள். பளிச்சென்று வெளுத்து வந்தது. அழுக்கோடு சாயமும் போயிருக்கிறது. வெளியே போய், உள்ளறையில் மட்டும் தங்கிவிட்டது. அப்படியானால் இந்தப் பூண்டு பன்னிரண்டாம் பையிலிருந்து வந்த அகதி.

இன்னொன்றை உடைத்தாள். நீலம். மூன்றாவதை உடைக்கக் கை வரவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அடியிலிருந்து விளக்கைப் போட்டாள். நனைந்தால் ஓடு கண்ணாடி மாதிரி ஆகும். மிச்சமிருந்த ஒன்பதில் ஏழின் வயிற்றில் நீல நிழல் தெரிந்தது. இரண்டில் சரியாகத் தெரியவில்லை.

டாக்டரம்மா அன்று வெளியே போயிருந்தார். ஊசிக்கண் அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு பஸ் நிலையத்துக்குப் போனாள். புருஷனுடைய வண்டி புறப்படப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. காலி பஸ்ஸில் முதல் இருக்கையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பாத்தாத் தெரியுமா?"

"உடைச்சாத்தான் தெரியும். நல்லா இருக்கறதை யாரு உடைப்பாங்க?"

"அப்போ சொல்லலைன்னா?"



"பேர் போயிடுமேன்னு இருக்கு. பொய் சொல்லல, ரொம்ப ஆசையாத்தான் இருந்தேன். ஆனா, எங்கயோ என்னை மாதிரி ஒருத்தி உக்காந்திருப்பா இல்ல? அவகிட்ட, 'சாம்பலுக்கு மேல பூண்டு இருக்குதாம், அச்சுல போட்டிருக்காங்க, தேடு'ன்னு ஒரு பையைக் குடுப்பாங்க. அவ நாள் கணக்கா தேடுவா. கிடைக்காது. தன் கண்ணைத்தான் சந்தேகப்படுவா. கண்ணு போச்சுன்னு வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க."

புருஷன் துணியை மடித்து வைத்தார். கண்டக்டர் ஏறி விசில் ஊதினார். "நீ அடுத்த ஸ்டாப்புல இறங்கு" என்றார் புருஷன். "நாளைக்கு அந்தம்மா கத்தினா கத்தட்டும், எதிர்ப்பேச்சு பேசாத. பேச மாட்டேன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன்."

மறுநாள் காலை, என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்த வாக்கியம் டாக்டரம்மாவைப் பார்த்ததும் மறந்துபோயிற்று. அட்டையை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, தண்ணீர்ச் சொட்டு விட்டு, விளக்கைப் போட்டு, "பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

"எத்தனை?"

"ரெண்டு உடைச்சுட்டேன், ரெண்டும் நீலம். மீதியில ஏழு. ரெண்டு சரியாத் தெரியல."

"அப்போ அந்த ரெண்டு நல்லது."

"தெரியலன்னுதாங்க சொன்னேன்."

"வெள்ளையா எப்படி இருக்கும்? சாயம் போகாதே!"

"ரெண்டாந்தடவை பெராக்சைடுல போட்டேன். அழுக்கா இருந்துச்சு."

"யாரு போடச் சொன்னா?" டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது. ஸ்டோர்காரர் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தார். "பத்தொன்பது வருஷத்துல ஒரு நாளாவது உங்களைக் கேள்வி கேட்டிருக்கேனா? கண்ணை மூடிட்டு நம்பினேனே! அஞ்சு நாள்ல நான் மேடையில நிக்கணும்!"

 டாக்டரம்மா கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனார். அரைமணி நேரம் கழித்து, முகம் கழுவிய ஈரத்தோடு திரும்பி வந்தார்.

"பதின்மூணாம் பையில பாதிக் கல்லு எடுத்து வச்சிருப்பீங்கல்ல?"

"எப்பவும் வைப்பேங்க."

"புதுச் சல்லடை எடுங்க. மறுபடி பாத்துடலாம்."

"எடுக்கறேன். ஆனா நான் கழுவல. நீங்களே கழுவுங்க. என் கை இதுல படவே வேணாம்."

டாக்டரம்மா கழுவும் தொட்டி முன்னால் நின்று பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. முதல் நாளே முழங்கை வரை சேறு, மூக்கு நுனியிலும் சேறு. ஸ்டோர்காரர் புதுச் சல்லடைக்குக் கையெழுத்து வாங்க வந்தவர், "இன்னைக்கு யாரு டாக்டர், யாரு பொறுக்கின்னு தெரியாமப் போச்சே" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அறையில் மூச்சு விட முடிந்தது.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் இரண்டு பேரும் எதிரெதிர் மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா பொறுக்குவார், ஊசிக்கண் அதே தட்டை மறுபடி பார்ப்பாள். நடுநடுவே டாக்டரம்மா கூப்பிடுவார்.

"இது பூண்டு மாதிரி இல்ல?"

ஊசிக்கண் எழுந்து வந்து பார்ப்பாள். அவளுக்கும் அது பூண்டாக இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. டாக்டரம்மாவை விட அதிகமாகவே இருந்திருக்கும்.

"சோளப்பொரிங்க. ஒரு பக்கம் நசுங்கிடுச்சு."

கடைசித் தட்டின் கடைசிக் கட்டம் திங்கட்கிழமை சாயங்காலம் முடிந்தது. நாலாயிரத்துச் சொச்சம் சிப்பி. பூண்டு ஒன்றுகூட இல்லை. டாக்டரம்மா தொலைபேசியை எடுத்து மாநாட்டுக்காரர்களிடம், தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது. "எங்க பொறுக்கற அம்மா தப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க" என்றார். "ஆமா, அவங்களேதான். அதே அம்மாதான்."

செய்தி வீட்டுக்கு எட்டியதும் நாத்தனார் சும்மா இருப்பாளா? "ஏன் அண்ணி, வந்த பேரும் போச்சா? நீங்க பாட்டுக்கு வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

"கணக்கைத் தப்பாப் போட்டுட்டு, பையன் கேட்டா நீ வாயை மூடிட்டா இருப்ப?" என்றார் புருஷன். நாத்தனார் யோசித்தாள். "அது பையனைப் பொறுத்தது" என்றாள். ஊசிக்கண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டரம்மா அந்த விஷயத்தை அதோடு விடவில்லை. வேண்டுமென்றே நூறு சிப்பியைச் சாயத்தில் ஊற வைத்து, சூடான பெராக்சைடில் போட்டுப் பார்க்கச் சொன்னார். பத்தே நிமிஷத்தில் நூறும் வெளியே வெள்ளை. உடைத்தால் பெரும்பாலானவற்றில் உள்ளே நீலம். இந்தச் சாயத்தை நம்பி எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் நடக்கின்றன. அழுக்குப் பொடியைப் பார்த்தால் மறுபடி கழுவத் தோன்றாத கை எங்கே இருக்கிறது?

"இதை ஒரு பக்கம் எழுதி அனுப்பறேன்" என்றார் டாக்டரம்மா. "பெரிய கட்டுரை இல்ல, ஒரு குறிப்பு. எல்லா ஆய்வுக்கூடத்துலயும் படிப்பாங்க. உங்க பேரைப் போடலாமா? யோசிச்சுச் சொல்லுங்க. தப்பு நடந்ததுன்னு சொல்ற குறிப்பு. உங்க பேரைச் சொன்னா அந்தத் தப்புதான் ஞாபகம் வரும். வேணாம்னா 'எங்கள் உதவியாளர்'னு போட்டுடறேன்."

ஊசிக்கண் யோசிக்க நாள் கேட்கவில்லை. "கழுவினது நான்தானே? போடுங்க" என்றாள்.

குறிப்பு தயாரானதும் டாக்டரம்மா அதை வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினார். மேலே இரண்டு பெயர்கள். இந்த முறை முதலில் இருந்தது அவளுடையது. அவள் அதைப் பார்த்தாள், ஆனால் அதில் நிற்கவில்லை. காது வரிகளின் மேல் இருந்தது. மூன்றாம் பத்தியில் டாக்டரம்மாவைக் கை காட்டி நிறுத்தினாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"'பொடி கவனக்குறைவால் இரண்டாம் முறை கழுவப்பட்டது.'"

"கவனக்குறைவு இல்லீங்க."

"உங்களைக் குத்தம் சொல்லல. அப்படி எழுதறதுதான் வழக்கம்."

"அதுக்கில்ல. நான் அசந்து போய்க் கழுவல. நின்னு பாத்து, யோசிச்சு, சுத்தமா இருக்கட்டும்னுதான் கழுவினேன். கவனக்குறைவுன்னு போட்டா, கவனமா வேலை பாக்கறவங்க இது நமக்கு இல்லைன்னு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவாங்க. இது அவங்களுக்குத்தான் நடக்கும்."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு, "அப்போ என்ன எழுதணும், நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஊசிக்கண் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று பொடி என்ன நிறத்தில் இருந்தது என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.